அம்மா இல்லாத பெண்

"அப்பாவைப் பத்தி நீ ஃபேஸ்புக்ல எழுதியிருந்ததைப் படிச்சேன்மா. பத்திரிகை ஆபீஸ்ல இருந்து பேசுறேன். இப்ப பேச முடியுமா?"

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "சொல்லுங்க மேடம்" என்றது ஓர் இளம் குரல்.

கொள்ளைநோயில் செத்தவர்கள் என்று அரசாங்கம் சொன்ன எண்ணிக்கைக்கும் ஊரில் விழுந்த சாவுகளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. அதனால் அந்த அலுவலகத்தில் நிருபரும் உதவி ஆசிரியையும் சமூக ஊடகங்களில் வரும் இரங்கல் பதிவுகளைத் தேடிப்பிடித்து, வீட்டாரிடம் பேசி உறுதிசெய்துகொண்டிருந்தார்கள். வழக்கமாகப் பேசுவது உதவி ஆசிரியைதான். இந்தப் பதிவைப் பார்த்தபோது மட்டும், "இதை நான் பேசிக்கிறேன்" என்று நிருபர் போனை வாங்கிக்கொண்டாள்.

கேட்க வேண்டியது கொஞ்சம்தான். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். படுக்கை கிடைக்காமல் அலைந்ததில் ஆம்புலன்ஸிலேயே அப்பாவின் மூச்சு நின்றுவிட்டதாம். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

அதற்கப்புறமும் நிருபர் போனை வைக்கவில்லை. சாப்பிட்டாயா, என்ன படிக்கிறாய், தூக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போனாள். அந்தப் பெண்ணும் காது கொடுக்க ஒரு ஆள் கிடைத்த ஆறுதலில் கொட்டித் தீர்த்தாள். கல்லூரியில் கடைசி வருஷமாம். சமைக்க வராதாம். ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றே நாளை ஓட்டுகிறாளாம்.

"கூட யாரும்மா இருக்காங்க?"

"யாரும் இல்ல மேடம். நான் பேசப் பழகும்போதே அம்மா செத்துட்டாங்களாம். வீட்டுல ஒரு போட்டோகூடக் கிடையாது. எனக்கு எல்லாமே அப்பாதான்."

நிருபர் எதையோ சொல்ல வாயெடுத்தாள், முழுங்கிக்கொண்டாள். "இந்த நம்பரை வச்சுக்கோம்மா. எந்நேரமானாலும் கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உதவி ஆசிரியை, "பாவம்க்கா, அம்மாவும் இல்ல. அப்பா சாவை உறுதின்னு போட்டுடவா?" என்றாள்.

"போடு. அவர் போனது உறுதி." நிருபர் போனைக் கீழே வைக்க மனசில்லாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "அம்மா செத்துட்டான்னு சொல்லித்தான் அவளை வளர்த்திருக்கார். கோர்ட்ல குழந்தையை அவர்கிட்ட ஒப்படைச்சப்புறம், இன்னிக்குத்தான் நான் அவ குரலையே கேட்கிறேன்."