வெள்ளச்சியின் வயிற்று உப்புசம்

காட்டோரத்து மந்தை ஒன்றில் வெள்ளச்சி என்று ஓர் ஆடு இருந்ததாம். நாலு நாளாக அதற்கு வயிற்று உப்புசம். விடிந்தால் மந்தை மேய்ச்சலுக்கு மலையேறுகிறது. வயிறு வடியாவிட்டால் வெள்ளச்சி மட்டும் பட்டியில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான்.

முயலிடம் யோசனை கேட்டது. "ஓமவல்லித் தழை தின்னு" என்றது முயல். குரங்கு பிரண்டைக் கொழுந்தைச் சொன்னது. கிளி முருங்கைப்பூவைச் சொன்னது. வெள்ளச்சி யார் பேச்சையும் தட்டவில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கூடுதலாகவே தின்றது. வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் காவல்நாய் கருப்பட்டி கண்ணில் பட்டது. நேற்றெல்லாம் மணலில் சுருண்டு கிடந்த நாய், இன்றைக்குத் துள்ளி ஓடுகிறதே! அது எந்தத் தழையாக இருக்கும்? வெள்ளச்சிக்கு ஆவல் தாங்கவில்லை.

"கருப்பட்டி அண்ணே, உனக்கும் வயிறுதானே சரியில்லை? என்னத்தைத் தின்னே?"

"ஒண்ணுமே தின்னலை தங்கச்சி. சும்மா படுத்துக் கிடந்தேன்."

"சொன்னா நான் பங்குக்கு வந்துடுவேன்னு மறைக்கிறியா?"

"அட, நெசமாத்தான். வாயைக் கட்டினேன், வயிறு கேட்டுக்கிச்சு. நீயும் பொழுது சாயற வரைக்கும் ஒண்ணும் தின்னாம இருந்து பாரேன்."

இத்தனை லேசான வைத்தியமா! வெள்ளச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலடி போனதும் ஒரு சந்தேகம் வந்து திரும்பியது. போன வழியில் கடித்த வேலித்தழை இன்னும் வாயில் இருந்தது.

"ஏன் அண்ணே," என்றது மென்றுகொண்டே, "நாளைக்கு மலையேறணும், தப்பாச் செஞ்சிடக் கூடாது பாரு. இந்த ஒண்ணும் தின்னாம இருக்கிறதைத் தீனிக்கு முன்னாடி செய்யணுமா, பின்னாடி செய்யணுமா?"