மாமியார் கேமரா

தொட்டிலுக்கு மேலே அந்தக் கேமராவை மாட்டியது என் மனைவிதான். அலுவலகத்தில் இருந்தபடியே அதன் வழியாகக் குழந்தையைப் பார்ப்பாள், பேசுவாள். அவள் இறந்த பிறகும் அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய போன் அலமாரியில் அணைந்து கிடந்தது.

பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தேன். மனைவி இறந்ததை அவளிடம் சொல்ல வாய் எழவில்லை. வெளியூரில் வேலை என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். ஒருநாள் நான் வீடு திரும்பியபோது பையோடு நின்றாள்.

“நாளையிலேர்ந்து நான் வரலைண்ணா. கேமரா இருக்கட்டும், தப்பில்லை. மாமியார் மாதிரி பேசற கேமரா எனக்கு வேணாம்.”

“யாரு பேசறா?”

“வேற யாரு, அக்காதான்! பாட்டிலைச் சாய்ச்சுப் பிடி, இடது காதைத் தடவு, அப்பதான் பாப்பா தூங்கும்னு நாள் முழுக்க நச்சரிப்பு. நான் என்ன நேத்துப் பொறந்தவளா? கொஞ்சம் நம்பச் சொல்லுங்க.”

இடது காது விஷயம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

“நான் சொல்றேன். நாளைக்கு வாம்மா,” என்றேன்.

அவள் போனதும் தொட்டிலருகே நின்று அண்ணாந்து பார்த்தேன். “நல்ல பொண்ணும்மா. நம்பி விடு.”

மறுநாள் சாயங்காலம் அவள் சிரித்தபடி கதவைத் திறந்தாள். “அக்காகிட்ட பேசிட்டீங்களாண்ணா? காலையில ஒரே ஒரு தடவைதான் பேசினாங்க. ‘சரி, இனிமே நீயே பார்த்துக்கோ’ன்னாங்க. அப்புறம் சத்தமே இல்லை.”

அதன் பிறகு அது பேசவேயில்லை. இடது காதைத் தடவும்போது பாப்பா மட்டும் இன்னும் மேலே பார்த்துக் காத்திருக்கிறாள்.