ஒட்டுக் கேட்பதில்லை

விசாரணைக் குழுவின் மேசையில், மூடாத தண்ணீர் தம்ளருக்குள் மாலை வெயில் அசையாமல் நிற்கிறது. “யார் போனையும் நாங்க ஒட்டுக் கேக்கறதில்லைங்க,” என்கிறார் உளவுத்துறைச் செயலாளர், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு. தட்டச்சுக்காரி அதை அப்படியே தட்டுகிறாள். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற இடைவெளியில், செயலாளர் அவள் பக்கம் சாய்ந்து பரிவாக விசாரிக்கிறார்: “வீட்டுல மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிச்சாச்சாம்மா?” வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று, அதை அவள் இன்று காலை அக்காவிடம் மட்டும்தான் சொன்னாள், அதுவும் போனில். மின்விசிறிக் காற்றில் ஒரு தாள் மட்டும் படபடக்கிறது. முற்றுப்புள்ளி வைக்க நீட்டிய விரல் அந்தரத்தில் நிற்கிறது. “பதிவாயிடுச்சா?” என்கிறார் தலைவர். அவள் செயலாளரையே பார்க்கிறாள். “எல்லாமே பதிவாகுதுங்க ஐயா.”