மூணு கிலோ

“நாப்பத்தி மூணு. மூணு கிலோ எடுத்துடு தம்பி.”

மீராசா பாய் இப்படிச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2003-ஆம் வருஷம். துபாய் சத்வாவில் அட்டைப்பெட்டி, நைலான் கயிறு, டேப் விற்கிற கடை அவருடையது. எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் யார் ஊருக்குப் போனாலும் பெட்டியை அங்கேதான் தூக்கிப்போவோம். அவருடைய எடை மெஷினில் வைத்து, விமானத்தில் விடுகிற நாற்பது கிலோவுக்குச் சரிபார்த்து, அவர் கையாலேயே கயிறு கட்டி வாங்கிக்கொள்வோம்.

இப்போது பிள்ளைகள் நாலு சக்கர சூட்கேஸை ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அது என்ன பயணமோ! பெட்டியின் நாலு பக்கமும் மார்க்கரால் பேரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுதி, ரூமே சேர்ந்து டாக்ஸியில் ஏற்றிவிட்டு, “வீட்டுல கேட்டதாச் சொல்லு”ன்னு கையாட்டுமே, அதுதான் பயணம்!

“ரூம்ல பார்த்தப்ப சரியா நாப்பதுதான் பாய் இருந்துச்சு” என்றான் கூட வந்த ரூம்மேட் மணிகண்டன்.

“அது ஆள் ஏறி நிக்கிற மெஷின்பா. பெட்டிக்கு இதுதான்.”

பாய் பெட்டியைப் பிரித்து அவரே பொறுக்கினார். பத்து சோப்பு, ரெண்டு ஷாம்பு, ஒரு டின் பால் பவுடர்.

“இதெல்லாம் உங்க ஊர்க் கடையிலயே கிடைக்கும் சோலைமுத்து.”

“துபாய் சோப்புன்னு சொல்லிக் குடுக்குறது வேற பாய்!”

“வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும் வாங்கினதுல கை வைக்கலைல்ல? போ, நல்லபடியாப் போயிட்டு வா.”

மூன்று வருஷம் கழித்துப் போகிறேன். எந்த வீட்டுக்கு எந்த சோப்பு என்று மனசுக்குள் பிரித்தே வைத்திருந்தேன். அவ்வளவும் மணிகண்டனோடு ரூமுக்குத் திரும்பிப் போனது.

மறுநாள் காலை ஏர்போர்ட் கவுண்டரில் பெட்டியை வைத்தேன். முப்பத்தேழு என்று காட்டியது.

“இன்னும் மூணு கிலோ போடலாமே, வேற ஏதாவது இருக்கா?” என்றார் கவுண்டர்காரர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஓட்டை மெஷினை நம்பி என் சோப்பை விட்டுவிட்டு வந்தேனே!

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கொஞ்ச நேரமாகத் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தவள். பையில் ‘மாரியம்மாள், ஆத்தூர்’ என்று எழுதியிருந்தது.

“அண்ணே, திருச்சிக்குத்தானே? உங்களுக்கு எடை ஏதும் மிச்சம் இருக்காண்ணே? எனக்கு மூணு கிலோ கூட இருக்காம். காசு கட்டச் சொல்றாங்க, கையில இல்ல.”

நெஞ்சோடு ஒரு கம்பளியை அணைத்திருந்தாள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில், ரோஜாப்பூ போட்ட புதுக் கம்பளி.

“இது ஒண்ணுதாண்ணே, கையிலயும் கொண்டுபோக விட மாட்டேங்கிறாங்க. மக ஏற்காட்டுல ஹாஸ்டல்ல படிக்கிறா. குளிர் தாங்கலம்மான்னு போன்ல அழுவுறா.”

நான் இருந்த கடுப்பில், “எனக்கும் சரியா நாப்பதும்மா” என்றேன்.

“சரிண்ணே.”

இன்னும் நாலைந்து பேரிடம் கேட்டாள். பிறகு கம்பளியை ஒரு நாற்காலியில் வைத்தாள். அதை ஒருதரம் தடவிக்கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் புத்தியெல்லாம் சோப்பிலேயே இருந்தது.

ஊரில் சித்தி வேறு, “துபாய் போயும் ஒரு சோப்புக்கு வக்கில்லையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போதாதா? இரண்டு மாச லீவு முழுக்க பாயைத் திட்டித் தீர்த்தேன். துபாய் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமையே சத்வாவுக்குப் போய் நின்றேன்.

“பாய், உங்க மெஷின் பொய் சொல்லுது! மூணு கிலோ கூடக் காட்டுது!”

யாருடைய பெட்டிக்கோ கயிறு கட்டிக்கொண்டிருந்த பாய் நிமிரவில்லை.

“தெரியும் தம்பி. நான்தான் அப்படி வச்சிருக்கேன்.”

“எதுக்கு பாய்? என் சோப்பு உங்களை என்ன பண்ணிச்சு?”

“எங்க வீட்டுல, அஸ்மத் பீவி, ஒருதரம் தனியா ஊருக்குப் போனா. எடை கூடிப்போச்சு. பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு ஏர்போர்ட்ல ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டாளாம். எல்லாருக்கும் சரியா நாப்பது. பாவம், அவங்கதான் என்ன செய்வாங்க? அதுலேர்ந்து என் கடையை விட்டுப் போற ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு கிலோ இடம் இருக்கட்டும்னு வச்சுட்டேன்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்...” என்றேன்.

“சொன்னா எவன் சோப்பை எடுப்பான்? இடம் இருந்தாப் போதும்பா. கையில மிச்சத்தை வச்சுக்கிட்டு, கேக்குறவங்களுக்கு இல்லேன்னா சொல்லிடப் போறீங்க?”

பாய் முடிச்சை இறுக்கிவிட்டு, சிரித்த முகமாக நிமிர்ந்தார்.

“அது சரி, உன் மூணு கிலோ யாருக்குப் போச்சு தம்பி?”