மூடி வைத்த பாஸ்தா

பாஸ்தாவை வடித்து வைத்துவிட்டு மருமகள் சிந்துஜா குளிக்கப் போனாள். லோகநாயகி ஓசைப்படாமல் அதைத் தட்டால் மூடினாள். வடித்த சோற்றை அப்படித்தான் மூடுவார்கள். பாஸ்தாவோ ஆவியில் ஒட்டிக் கட்டியாகிவிடும். ஞாயிறுதோறும் இதே வேலைதான்.

"இன்னிக்கும் ஒட்டிக்கிச்சு அத்தை." சிந்துஜாவின் முகம் வாடிவிட்டது.

லோகநாயகிக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஆனாலும் பாஸ்தா கெட்டால்தானே மகன் தன் கைச்சோறு கேட்பான்!

"விடும்மா, நான் ரசம் வெக்கிறேன்."

ரசத்தை இறக்கும்போது மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கூடத்துக்கு வந்தவள், மகன் சித்தார்த்தின் குரல் கேட்டு நின்றாள்.

"இன்னிக்கும் மூடிட்டாங்களா?"

"மூடட்டும்னுதான குளிக்கவே போறேன். மாமா தவறினதுலேர்ந்து அடுப்பங்கரைப் பக்கமே வராதவுங்க, இப்பதான் எழுந்து சமைக்கிறாங்க. நமக்குப் பாஸ்தா புடிக்காதுன்னு மட்டும் ஒளறிடாதீங்க."