புள்ளி விழுந்த தட்டு

கண்ணாடிக் கூடத்தில் காலை வெயில் ஈரமாக இறங்குகிறது. நோய் தாங்கும் கோதுமைக்காக ஆறு வருஷம் உழைத்த ஆராய்ச்சியாளர் குனிந்து பார்க்கிறார். முந்தாநாள் இயக்குநர் மெச்சிய பச்சை நாற்றுகளில் இன்று துருப்பூஞ்சை ஆரஞ்சுப் பொடியாகக் கொட்டுகிறது. "புள்ளி விழுந்துடுச்சு, தூக்கிப் போடும்மா" என்று அதே இயக்குநர் திருவாய் மலர்ந்த நாற்றுத் தட்டு இருந்த இடமோ காலி. பூஞ்சை நுழைந்த இடத்தில் இலை தன் செல்களைத் தானே சாகவிட்டு, வந்த பூஞ்சையைப் பட்டினி போட்ட தழும்புதான் அந்தப் புள்ளி; ஆறு வருஷமாகத் தேடியது அதைத்தான். "போட்டுட்டீங்களாக்கா?" ஆராய்ச்சியாளர் பதறிக் கேட்கிறார். தண்ணீர் ஊற்றும் அக்கா திரும்பாமலே சொல்கிறாள்: "குருத்து நல்லாருக்கிறதை யாராவது போடுவாங்களா? போடச் சொன்ன பெரியவர் ரூம் ஜன்னல்லயே வச்சிருக்கேன். அவர் என்னைக்கு செடியைப் பார்த்தாரு!" ஆராய்ச்சியாளர் அவளுடைய ஈரக் கையை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். "விடுங்க சார், தண்ணி வீணாப் போகுது."