பதினாலாவது ரீல்

எவர் சிரிப்புக்குள் எவ்வளவு அழுகை என்று அளந்தறிந்த குற்றாலநாதன் திருவடியை முதற்கண் வணங்குவோம்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு, சாரல் காலம். குற்றாலத்து டூரிங் கொட்டகையில் கூச்சல் கூரையை முட்டியது.

“ஏலே, இதுவா சிரிப்புப் படம்? குடை காயுததைப் பத்து நிமிசமாக் காட்டுதான்!”

“காய்ஞ்சதும் சொல்லுங்கலே, எந்திரிச்சு வாரேன்!”

திரையில் ஒரு முதியவர் நாள்தோறும் குடையோடு ஸ்டேஷனுக்குப் போய், வராத மகனுக்காகக் காத்திருந்தார். கூட்ஸ் வண்டிக்கும் வணக்கம் வைத்தார். காலி பெஞ்சுக்கும் குடை பிடித்தார். அவ்வளவே படம்.

அத்தனை பேரிலும் ஒருவர் மட்டும் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். படம் வந்த நாள் முதல் தவறாமல் வரும் பால்வண்ணநாதன். சென்ற ஆண்டு சீன எல்லைப் போருக்குப் போன ஒரே மகனை எதிர்பார்த்து, அவரும் தினமும் தென்காசி ஸ்டேஷனில் நிற்பது ஊரறிந்த செய்தி.

படம் சட்டென்று நின்றது. விளக்கு எரிந்தது.

“முடிவு எங்கலே?”

கூட்டம் ஏசிக்கொண்டே கலைய, கொட்டகை முதலாளி சங்கிலிப்பாண்டி ஆபரேட்டர் அறைக்குள் பாய்ந்தார்.

“ஏலே மூசா, பதினாலு ரீலு படம், பதிமூணுதான் ஓடுது! முடிவைத் தின்னுட்டியா? நாளையிலேருந்து வேலைக்கு வராத.”

மூசா தலை குனிந்தான்.

“மொதலாளி, கடைசி ரீல்ல அந்தக் குடைக்காரருக்குத் தந்தி வருது, மகன் செத்துட்டான்னு. மொத நாளு அதைப் பாத்துட்டு பால்வண்ணநாத அண்ணாச்சி பெஞ்சுலேயே சுருண்டுட்டாவ. மறுநாளிலேருந்து நான் அதை ஓட்டல.”

சங்கிலிப்பாண்டிக்குக் கோபம் வடிந்தது. “சரி, அது பெட்டியிலேயே கெடக்கட்டும். நாளைக்கு வந்து சேரு.”

கீழே பால்வண்ணநாதன் இன்னும் எழுந்திருக்கவில்லை. சங்கிலிப்பாண்டி அருகே போய் அமர்ந்தார்.

“அண்ணாச்சி, மனசைத் தளர விடாதிய. தம்பி வந்துருவான்.”

பதிலுக்கு அவர் சட்டைப் பையிலிருந்து, மடிப்பு நைந்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். தந்தி. மகன் இறந்த செய்தி; போன கார்த்திகையிலேயே வந்தது.

“வீட்டுல உலகம்மாளுக்கு இன்னும் சொல்லல. பய உசுரோட இருக்கான்னு அவ நம்பணுமேன்னுதான் ஸ்டேஷனுக்குப் போறேன். மூசாகிட்டயும் சொல்லிராதிய, பாவம். அந்தக் குடைக்காரனுக்காவது தந்தி வராம இருக்கட்டும்.”

இதைக் கேட்பவர் எவராயினும், அவர் வீட்டிலிருந்து புறப்பட்டவரெல்லாம் நலமே வீடு திரும்ப ஈசன் அருள்க.